பச்சை வயரில் கரண்ட் ஓடக் கூடாது: வீட்டு வயரிங் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

வீட்டு வயரிங் வேலை பார்க்கும் வயர்மேன் தோழர்களுக்கும், பொருள் வாங்கித் தந்து வேலை வாங்கும் கட்டட ஒப்பந்ததாரர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றினால் உள்ளே பத்துப் பதினைந்து வயர் சுருண்டு கிடக்கிறது. அவை வந்த வழி தளத்துக் கான்கிரீட்டுக்குள்ளும் பூசிய சுவருக்குள்ளும் புதைந்துவிட்டது. போட்டவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. அந்தப் பெட்டி முன்னால் ஸ்டூல் போட்டு நிற்பவருக்குத் துணை இரண்டுதான்: ஒன்று வோல்ட் பார்க்கும் மீட்டர், மற்றொன்று வயரின் நிறம். மீட்டர் அந்த நொடியின் நிலவரத்தை மட்டும் சொல்லும். விளக்கின் சுவிட்ச் அணைந்திருந்தால் அந்த விளக்குக்குப் போகும் வயரில் எதுவும் காட்டாது. கரண்ட் போன நேரத்தில் எதிலுமே காட்டாது. இந்த வயர் எந்த வேலைக்காக இழுக்கப்பட்டது என்று சொல்ல நிறத்தை விட்டால் வேறு சாட்சி இல்லை. பல வீடுகளில் அந்தச் சாட்சியைப் பொய் சொல்ல வைத்திருக்கிறோம். அதனால்தான் இந்த மடல்.

நம் நாட்டு வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. ஃபேஸ் கரண்டைக் கொண்டு வருவது, நியூட்ரல் அதைத் திருப்பிக் கொண்டு போவது, எர்த் கசிவைப் பூமிக்கு விடுவது. மூன்று ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரலுக்குக் கறுப்பு. எர்த்துக்குப் பச்சை, அல்லது பச்சையில் மஞ்சள் கோடு. சிங்கிள் ஃபேஸ் வீட்டில் ஃபேஸுக்குச் சிவப்பு. கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஃப்ரிட்ஜ் போன்றவற்றோடு வரும் கார்டில் (பிளக் மாட்டிய வெளி வயரில்) மட்டும் சர்வதேசக் கணக்கு: பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். ஆக ஒரே வீட்டுக்குள் இரண்டு கணக்கு. நீலத்துக்குச் சுவருக்குள் ஒரு பொருள், சாக்கெட்டுக்கு வெளியே நேர் எதிர்ப் பொருள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பச்சை, ஏனென்றால் உயிரைக் குடிப்பது அதுதான்.

பச்சை வயரை விளக்கு ரிட்டர்னாக, அதாவது சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் வயராக, இழுப்பது நம் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. "லைட் எரியுதா, எரியுது, அப்புறம் என்ன" என்று அது கடந்து போய்விடும். அந்தப் பச்சை என்ன செய்யும் என்று படிப்படியாகப் பாருங்கள். குளியலறை விளக்குக்குப் பச்சையில் ரிட்டர்ன் போட்டாயிற்று. நாலு வருடம் கழித்து அந்த வீட்டார் கீசர் வாங்குகிறார்கள். வேறொரு வயர்மேன் வருகிறார். 16 ஆம்பியர் சாக்கெட் வைக்கப் பெட்டியைத் திறக்கிறார். பச்சை ஒன்று கண்ணில் படுகிறது. பகல் நேரம், குளியலறை விளக்கு அணைந்திருக்கிறது. டெஸ்டர் வைக்கிறார், எரியவில்லை. எர்த் என்று நம்பிச் சாக்கெட்டின் எர்த் முனையில் முடுக்கிவிடுகிறார். கீசர் வேலை செய்கிறது, கூலி வாங்கிக்கொண்டு போகிறார். சாயங்காலம் யாரோ குளிக்கப் போகும்போது விளக்கைப் போடுகிறார்கள். அந்த நொடியில் கீசரின் உடம்பு முழுக்க 230 வோல்ட். ஈரக் கை, ஈரத் தரை, உலோகக் குழாய். கீசரில் பழுது இல்லை. இரண்டாவதாக வந்தவர் நிறத்தை நம்பினார், அவ்வளவுதான். தவறு நாலு வருடத்துக்கு முன்பே அந்த வீட்டில் காத்திருந்தது.

அந்தப் பச்சையை அவர் சாக்கெட்டில் மட்டும் முடுக்காமல், பெட்டியில் இருக்கும் மற்ற பச்சைகளோடு சேர்த்து முறுக்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். எர்த் குழிக்கே ஃபேஸ் போய்ச் சேரும், எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உப்பும் கரியும் போட்டு மூடி, அதன் பிறகு தண்ணீரே காட்டாத எர்த் குழியின் மின்தடை 20 ஓம் இருந்தால், 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு விழவே விழாது. விளக்கு எரிகிற நேரமெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவிலும் வாஷிங் மெஷின் உடம்பிலும் கிரைண்டர் டிரம்மிலும் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். வீட்டில் உள்ள எல்லா எர்த்தும் ஒரே வலை. அந்த வலையில் ஒரு பச்சை கெட்டால் எல்லாச் சாதனமும் கெட்டது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) ஒழுங்காக வேலை செய்தால் மட்டுமே இங்கே உயிர் தப்பும். அது "அடிக்கடி விழுகிறது" என்று நேரடியாக இணைத்துவிடப்பட்ட வீடுகளின் கதை உங்களுக்கே தெரியும்.

ஆகையால் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். பச்சை நிறத்தில் எர்த் தவிர வேறெதுவும் ஓடக் கூடாது. டேப் சுற்றி நிறம் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் பச்சைக்குச் செல்லாது. டேப்பின் பசை வெயில் காலத்தில் இளகும், டேப் கழன்று வயர் ஓடும் பைப்பின் வாயிலேயே கிடக்கும், உள்ளே இருப்பது மறுபடி பச்சை. வயர் காயில் (சுருள்) வாங்கும்போது முழுப் பச்சையைவிட மஞ்சள் கோடு போட்ட பச்சை கிடைத்தால் அதையே வாங்குங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வைக் குறை ஆண்களிடையே அரிதானதல்ல. பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. இரண்டு நிறக் கோடு அவர்கள் கண்ணுக்கும் தெரியும், சிமெண்ட் தூசி படிந்த பெட்டிக்குள் செல்போன் வெளிச்சத்தில் பார்க்கும் நம் கண்ணுக்கும் தெரியும்.

பச்சை ஏன் ரிட்டர்னுக்குப் போகிறது? அக்கறையின்மை மட்டும் காரணமில்லை. பொருள் பட்டியலே தப்பாக எழுதப்படுகிறது. "சிவப்பு நாலு, கறுப்பு நாலு, பச்சை நாலு" என்று சரிசமமாக எழுதிக் கடைக்குக் கொடுத்துவிடுகிறோம். ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று விளக்கு, ஒரு ஃபேன், ஒரு நைட் லாம்ப். டிபியிலிருந்து (எம்சிபிகள் இருக்கும் பெட்டியிலிருந்து) போர்டுக்கு 12 மீட்டர் என்றால் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் 12 மீட்டர். போர்டிலிருந்து ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனித்தனி ரிட்டர்ன், சராசரி 6 மீட்டர் என்று வைத்தால் 30 மீட்டர். நியூட்ரலோ ஒரு பாயிண்டிலிருந்து அடுத்த பாயிண்டுக்கு லூப் அடித்துப் போவதால் 15 மீட்டரில் முடிந்துவிடும். உயிருள்ள வயர், அதாவது ஃபேஸும் ரிட்டர்னும், 42 மீட்டர், கறுப்பு 27 மீட்டர். எர்த்தைச் சாக்கெட்டுக்கு மட்டும் இழுத்து விளக்குக்கும் ஃபேனுக்கும் விட்டுவிடுகிற வழக்கத்தால் பச்சை இன்னும் குறைவாகவே செலவாகும். 90 மீட்டர் காயிலில் சிவப்பு முதலில் தீர்ந்துபோகிறது, பச்சை மிஞ்சி நிற்கிறது. தளத்தில் பெயிண்டர் வந்து நிற்கிறார், கடை 3 கிலோமீட்டர் தள்ளி. மிஞ்சிய பச்சையைக் கை எடுத்துவிடுகிறது. ஒப்பந்ததாரர்களே, ஒரு காயில் சிவப்பு கூடுதலாக வாங்கிப் போடுவதற்கு ஆகும் செலவு அந்த வீட்டின் மொத்தச் செலவில் சொற்பம்தான். மிஞ்சினால் அடுத்த சைட்டுக்குப் போகட்டும்.

ஆக, பட்டியலை இப்படி எழுதலாம். பாயிண்டுகளை எண்ணுங்கள். ஒவ்வொரு பாயிண்டுக்கும் ரிட்டர்ன் நீளத்தைத் தனியாகக் கூட்டுங்கள். அதோடு டிபி முதல் போர்டு வரையுள்ள ஃபேஸ் நீளத்தைச் சேருங்கள். பெட்டிக்குப் பெட்டி 15 சென்டிமீட்டர் நுனி விட வேண்டும், அதையும் சேருங்கள். இவ்வளவும் உயிருள்ள நிறம். கறுப்பும் பச்சையும் தனிக் கணக்கு. ஃபேனுக்கும் உலோக உடம்புள்ள விளக்குக்கும் எர்த் போய்ச் சேர வேண்டும் என்பதால் பச்சையைக் கஞ்சத்தனமாகக் கணக்கிடாதீர்கள். இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) பவர் லைனுக்கும் நாலு ஸ்கொயர் ஏசி லைனுக்கும் ஃபேஸ் எந்த அளவோ எர்த்தும் அதே அளவு. நாலு ஸ்கொயர் ஃபேஸ் பக்கத்தில் 1 ஸ்கொயர் பச்சையை ஓட்டிவைப்பது, ஃபால்ட் வந்தால் முதலில் அந்தப் பச்சையே எரிந்து அறுந்துபோக வழி செய்வது.

ரிட்டர்னுக்கு என்ன நிறம் என்று கேட்பீர்கள். எந்த ஃபேஸிலிருந்து வருகிறதோ அதே நிறம் என்பதுதான் என் கருத்து. சுவிட்ச் போட்டால் அதில் முழு 230 வோல்ட் இருக்கிறது, ஆகவே அது ஃபேஸ்தான். ஐந்து சிவப்பு ரிட்டர்னில் எது எந்த விளக்கு என்று குழம்பினால், அதற்கு வேறு நிறம் தேட வேண்டாம். நுனியில் எண் போட்ட சிறு வளையம் மாட்டுங்கள், அல்லது வெள்ளை டேப்பில் பேனாவால் 1, 2, 3 எழுதுங்கள். மாடிப்படிக்கு டூ-வே சுவிட்ச் போடும்போது இரு சுவிட்சுக்கும் இடையே ஓடும் இரண்டு வயரில் ஏதாவது ஒன்று எப்போதும் உயிரோடு இருக்கும். அவற்றில் ஒன்றுக்குக் கறுப்பைப் போடுகிற பழக்கமும் நிற்க வேண்டும்.

கறுப்பைப் பற்றி இரண்டு சொல் கூடுதலாக. நம் ஊரில் கறுப்பு நியூட்ரல். அமெரிக்காவில் கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், வெறும் செம்பு வயரோ பச்சையோ எர்த். செல்போனில் அங்கத்து வயரிங் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு வரும் இளைஞர்கள் இப்போது உதவியாளராகச் சேருகிறார்கள். அவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுங்கள். நிறத்துக்கு இயற்கையிலேயே ஒரு பொருள் கிடையாது, ஒரு நாட்டார் கூடி ஒப்புக்கொண்டதுதான் பொருள். ஜெர்மனியில் ஒரு காலத்தில் சிவப்பு வயர்தான் எர்த்தாக இருந்தது.

இன்னொன்று, கறுப்பு என்றால் தொடலாம் என்ற நினைப்பு. லோடு (விளக்கு, ஃபேன் போன்றவை) ஓடிக்கொண்டிருக்கும்போது நியூட்ரல் லூப்பைப் பிரித்தால், லோடு பக்கத்திலிருந்து வரும் கறுப்பு நுனியில் விளக்கின் வழியாகவும் ஃபேனின் வழியாகவும் ஃபேஸ் வந்து நிற்கும். பிரித்த இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்தவர் அந்த லோடுக்கே தொடர் இணைப்பாகிவிடுகிறார். அறையின் ஒற்றை எம்சிபி ஃபேஸை மட்டுமே வெட்டும். நியூட்ரலைப் பிரிக்கிற வேலை என்றால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாக வெட்டுகிற மெயின் டபுள் போலை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

பழைய வீடுகளில் நியூட்ரலிலும் பீஸ் கேரியர் இருக்கும். ஃபேஸில் ஒன்று, நியூட்ரலில் ஒன்று என ஜோடியாக வைத்த காலம் உண்டு. நியூட்ரல் பீஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் வீடு முழுக்க ஃபேஸ் நிற்கும். நியூட்ரலில் தனியாக பீஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது, வைத்தால் ஃபேஸோடு சேர்ந்தே வெட்ட வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 32-ஆம் விதியே சொன்னது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகளும் அதையே தொடர்ந்தன. பழைய போர்டைப் பழுது பார்க்கப் போனால் அந்தக் கேரியரைக் கழற்றி நியூட்ரல் லிங்க் (பீஸ் இல்லாத நேரடி இணைப்பு) போடாமல் திரும்பாதீர்கள்.

இனி நீலம். த்ரீ ஃபேஸ் வீட்டில் மீட்டரிலிருந்து வரும் நாலு கோர் கேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு. இந்த நீலம் மூன்றாவது ஃபேஸ். சிங்கப்பூரில் சில வருடம் வேலை பார்த்துத் திரும்பிய தோழருக்கு நீலம் நியூட்ரல். அங்கே ஃபேஸ்கள் பழுப்பு, கறுப்பு, சாம்பல். அவர் கை பழகிய கணக்கை வைத்து நம் டிபியில் நீலத்தை நியூட்ரல் பாரில் (நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டையில்) முடுக்கினால், அல்லது மிக்ஸி கார்டைப் பார்த்துப் பழகிய ஒருவர் அப்படிச் செய்தால், சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே சுமார் 400 வோல்ட். அந்த அறையின் டிவி, செட்டாப் பாக்ஸ், எல்இடி பல்ப், ஃப்ரிட்ஜ் எல்லாம் சில நொடியில் போய்விடும். இரண்டையும் சேர்த்துத் தொடும் ஆளுக்கும் அதே 400 வோல்ட்தான் காத்திருக்கும். வீட்டுக்காரர் மின்வாரியத்தைக் குறை சொல்வார். தப்பு டிபிக்குள் இருக்கும்.

பிரிட்டன்கூட நம்மைப் போல சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு வைத்திருந்த நாடுதான். 2004 மார்ச் கடைசியில் அங்கே பழுப்பு-நீலக் கணக்குக்கு மாறத் தொடங்கினார்கள். இரண்டு வருடம் இரண்டுக்கும் இடம் கொடுத்து, 2006 ஏப்ரல் முதல் புதிய வேலையெல்லாம் புதிய நிறத்திலேயே என்று முடித்தார்கள். அப்போது அவர்கள் செய்த ஒரு காரியம் நமக்குப் பயன்படும். ஒரே வீட்டில் பழைய நிறமும் புதிய நிறமும் கலந்திருந்தால், டிபியின் மேல் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்றார்கள். நாம் அந்த மாற்றத்தைச் செய்யவில்லை, அதைத் தனி ஆளாக இங்கே கொண்டுவரவும் வேண்டாம். ஒரு அறைக்குச் சர்வதேச நிறம், மறு அறைக்கு நம் நிறம் என்று போடுவதைவிடப் பழைய நிறமே ஒழுங்காக இருப்பது ஆயிரம் மடங்கு நல்லது. சிங்கிள் ஃபேஸ் வீடானால் நீல வயரையே வாங்காதீர்கள் என்பது என் யோசனை. அந்த வீட்டில் நீலத்துக்கு வேலை இல்லை. கார்டுகளில் மட்டும் நீலம் இருந்தால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

கார்டை பிளக்கில் இணைக்கும்போது பக்கத்தை நம்பாதீர்கள், எழுத்தை நம்புங்கள். சுவரில் உள்ள மூன்று துளை சாக்கெட்டை நேரே பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். பிளக்கைத் திருப்பி அதன் முள்களை நேரே பார்க்கும்போது வலமும் இடமும் மாறித் தெரியும். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 'எல்' முனையில் பழுப்பு, 'என்' முனையில் நீலம், எர்த் குறியில் பச்சை-மஞ்சள். பச்சை-மஞ்சளை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விட்டு முடுக்குங்கள். கார்டை யாராவது இழுத்துப் பிடுங்கினால் எர்த்தே கடைசியில் கழல வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் யுபிஎஸ் லைன், அதாவது கரண்ட் போனாலும் ஓடும்படி இன்வெர்ட்டரிலிருந்து வரும் லைன். மெயினை இறக்கிவிட்டேன், எல்லாம் செத்துவிட்டது என்று கை வைப்பவருக்கு இன்வெர்ட்டர் காத்திருக்கிறது. அது பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அதே பெட்டிக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும். மெயின் ஃபேஸும் யுபிஎஸ் ஃபேஸும் ஒரே சிவப்பில் இருந்தால் எது எது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. சிங்கிள் ஃபேஸ் வீட்டில் யுபிஎஸ் ஃபேஸுக்கும் அதன் ரிட்டர்ன்களுக்கும் மஞ்சளை ஒதுக்கிவிடுங்கள். பெட்டியைத் திறந்ததும் மஞ்சள் தெரிந்தால் இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும் என்று அர்த்தம். த்ரீ ஃபேஸ் வீட்டில் மஞ்சளுக்கு வேறு வேலை இருப்பதால், அங்கே யுபிஎஸ் லைனுக்கு வெள்ளை வயர் போட்டு, இரண்டு நுனியிலும் "யுபிஎஸ்" என்று எழுதுங்கள். வெள்ளையை எதற்கு வைத்தீர்கள் என்று எழுதாமல் விட்டால் அதுவும் இன்னொரு புதிராகிவிடும்.

யுபிஎஸ் நியூட்ரலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அறைக்கு அறை தனி ஆர்சிசிபி வைத்த வீட்டில், இன்வெர்ட்டருக்கு ஃபேஸ் ஒரு ஆர்சிசிபியின் வழியாகப் போய், லோடின் நியூட்ரல் இன்னொரு அறையின் ஆர்சிசிபி வழியாகத் திரும்பினால், இரண்டுமே விழும். ஆர்சிசிபி போகிற கரண்டையும் வருகிற கரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு வழியாகப் போனது வேறு வழியாகத் திரும்பினால் கசிவு என்றே நினைக்கும். யுபிஎஸ் பாயிண்டுகளுக்குத் தனிக் கறுப்பு இழுத்து, அதன் நுனிகளில் மஞ்சள் ஸ்லீவ் (சிறு உறை) மாட்டிவையுங்கள். அடுத்தவர் அதை அறை நியூட்ரலோடு சேர்த்து முறுக்காமல் இருக்க அது ஒன்றே வழி. இதே காரணத்தால் இரண்டு ஆர்சிசிபி உள்ள டிபியில் இரண்டு நியூட்ரல் பாரையும் தனித்தனியாக வைத்து, எந்தக் கறுப்பு எந்த பாருக்கு என்று எண் போட வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் ஆர்சிசிபிக்குப் பின்னால் எங்காவது தொட்டுக்கொண்டாலும் அது விழும். விழுந்தால் தொட்ட இடத்தைத் தேட வேண்டும். ஆர்சிசிபியைத் தாண்டி இணைப்பது பழுதுபார்ப்பு ஆகாது.

நிறக் கணக்கு செல்லாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சீலிங் ஃபேனின் மோட்டாருக்குள்ளிருந்து வரும் வயர்களின் நிறம் அந்தக் கம்பெனியின் விருப்பம். அங்கே கறுப்பு நியூட்ரல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போர்வெல் மோட்டாரின் தட்டையான மூன்று கோர் கேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம் இருக்கும். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் அவை ஸ்டார்ட், ரன், காமன். எது எது என்பது பேனலோடு வரும் படத்தில்தான் இருக்கும். அந்த மூன்று கோரில் எர்த் கிடையாது, அதைத் தனியாக இழுக்க வேண்டும். பலர் இழுப்பதில்லை. சோலார் பக்கம் சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். மாடியிலிருந்து வரும் அந்தக் கறுப்பை நியூட்ரல் என்று நினைத்துத் தொட்டால் நூற்றுக்கணக்கான வோல்ட் டிசி இருக்கலாம். வெயில் இருக்கும்வரை அதை எந்த மெயின் சுவிட்சும் சாகடிக்காது.

பழைய வீட்டில் வேலைக்குப் போனால் நிறத்தை நம்பாமல் தொடங்குங்கள், நிறத்தை நம்பும்படியாக முடியுங்கள். பேட்டன் வயரிங் (சுவருக்கு வெளியே மரப்பட்டியில் ஓடுவது) உள்ள வீடுகளில் இரண்டு வயரும் ஒரே நிறமாக இருக்கும், அல்லது வெளுத்துப் போயிருக்கும். முதலில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் மல்டிமீட்டரில் அளந்து தாளில் எழுதுங்கள். முதல் இரண்டும் 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும், மூன்றாவது சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸ்-எர்த் 90, 120 என்று அலைந்தால் எர்த் அறுந்திருக்கிறது, அது வெறும் ஆண்டெனா. நியூட்ரல்-எர்த்தில் 40, 50 வோல்ட் நின்றால் நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கிறது, அல்லது எர்த் வழியாக எதுவோ ஓடுகிறது. இந்த அளவுகளை எல்லா விளக்கையும் போட்டு ஒருமுறை, எல்லாவற்றையும் அணைத்து ஒருமுறை எடுங்கள். இரண்டு தடவை எடுத்தால்தான் ரிட்டர்னாகப் போன பச்சை மாட்டும்.

நியான் டெஸ்டரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தால் "டபுள் ஃபேஸ்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது நியூட்ரல் அறுந்ததன் அடையாளம். அறுந்த நியூட்ரலில் வேறொரு விளக்கின் வழியாக ஃபேஸ் வந்து நிற்கிறது. அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கும் எல்இடி பல்பும் ஒரு தடயம்தான். சுவிட்சில் இண்டிகேட்டர் இருந்தாலும் அப்படி ஆகும், நீள ரிட்டர்ன் வயர் வேறொரு ஃபேஸோடு ஒட்டி ஓடினாலும் ஆகும். ஆனால் சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருந்தாலும் ஆகும். பல்பைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, ஹோல்டரில் அளந்து பாருங்கள். ஃபேஸ் நின்றால் அன்றே மாற்றிக் கொடுங்கள். பல்ப் மாற்றும் வீட்டுக்காரர் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில்தான் கை வைப்பார்.

முழுக்க ரீவயரிங் செய்ய அந்த வீட்டாரிடம் பணம் இல்லை என்றால், தப்பு நிறத்தில் இருக்கும் ஒவ்வொரு வயருக்கும் இரண்டு நுனியிலும் சரியான நிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள், நடுவில் உள்ள ஜங்ஷன் பாக்ஸ்களிலும் போடுங்கள். ஒரு நுனியில் மட்டும் போட்டால் மறு நுனியில் நிற்பவருக்கு அது பழைய பொய்யாகவே இருக்கும். பச்சை மட்டும் விதிவிலக்கு. ரிட்டர்னாகப் போன பச்சையின் நுனியில் சிவப்பைக் கட்டி, பச்சையை உருவும்போதே அதே பைப்பில் சிவப்பை இழுத்துக்கொள்ளுங்கள். பைப் அடைத்திருந்தால் வெளியே கேசிங் பட்டி போட்டாவது அந்தப் பச்சையை விடுவியுங்கள். அந்த ஒரு பாயிண்டுக்காக அழகு கெட்டாலும் பரவாயில்லை என்று வீட்டாரிடம் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. காரணத்தைக் கீசர் உதாரணத்தோடு சொன்னால் மறுக்கிறவர்கள் குறைவு.

வேலை முடித்து மெயின் போடுவதற்கு முன் 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவியில்) ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிராகப் பாருங்கள். சாதனங்களைப் பிடுங்கி, எல்இடி விளக்குகளைக் கழற்றி, சுவிட்சுகளைப் போட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் மெயின் போடாதீர்கள். புது வயரிங்கில் அதைவிடப் பல மடங்கு வர வேண்டும். பிறகு மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் டெஸ்ட் லாம்ப்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வையுங்கள். ஆர்சிசிபி விழ வேண்டும். விழாமலும் விளக்கு எரியாமலும் இருந்தால் அங்கே எர்த் போய்ச் சேரவில்லை. விழாமல் விளக்கு நன்றாக எரிந்தால் ஆர்சிசிபியே பொய்.

ஒப்பந்ததாரர்களிடம் இரண்டு வேண்டுகோள். தளம் போடும் முன்பும் சுவர் பூசும் முன்பும் பைப் ஓடும் வழியைச் செல்போனில் படம் எடுத்து வீட்டாரிடம் கொடுங்கள். டிபி கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டுங்கள். எந்த எம்சிபி எந்த அறை, சிவப்பு என்ன, மஞ்சள் என்ன, யுபிஎஸ் லைன் எந்த நிறம், எந்தப் பெட்டியில் ஸ்லீவ் மாற்றப்பட்டிருக்கிறது, வேலை முடிந்த தேதி. தமிழில் எழுதுங்கள். மேலே பிளாஸ்டிக் உறை போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. அந்தத் தாளுக்கு இடம் இல்லாத அளவு சின்ன டிபி வாங்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர்